தொழுமரத்தில் நின்ற மூவர்

1637 ஆம் ஆண்டு யூன் மாதம் 30 ஆந் திகதி. வெஸ்ற்மினிஸ்ரர் அரண்மனை முற்றத்திலே விடியற்காலை முதலே சனங்கள் வந்து குவிந்தனர். முற்றத்தின் நடுவே மேடை எழுப்பப்பட்டு, அதன்மீது தொழுமரம் நிறுத்தப்பட்டிருந்தது. குற்றவாளியின் கழுத்தையுங் கைகளையும் துளைகளிலே புகுத்திப் பூட்டி, ஊரார் கண்டு நகைக்கும்படி மணிக்கணக்கில் நிறுத்தி வைக்கும் மரம் அது. கள்வரும் பொய்ச்சாட்சி சொன்னோரும் அதிற் பூட்டப்படும்போது கூட்டத்தார் அழுகிய காய்கனிகளையும் சேற்றையும் வாரி எறிவது வழக்கம். அன்றைக்கோ நடந்தது வேறு. தண்டனை பெற வந்த மூவரின் பாதையிலே மக்கள் வாசனைத் தழைகளையும் பூக்களையும் தூவினர். அலுகோசு கத்தியை எடுத்து அவர்களுடைய காதுகளை அறுத்தபோது கூட்டம் நகைக்கவில்லை, அழுதது. சிலர் மேடையருகே சென்று சிந்திய குருதியைக் கைக்குட்டையில் ஒற்றி எடுத்துப் போயினர்.

இம்மூவரும் கொலை செய்தவரல்லர், கொள்ளையிட்டவருமல்லர். ஒருவர் வில்லியம் பிறின், நியாயவாதி. மற்றவர் யோன் பாஸ்ட்விக், வைத்தியர். மூன்றாமவர் ஹென்றி பேட்டன், இலண்டன் நகரில் ஒரு கோயிலின் குரு. மூவரும் கற்றோர், பட்டம் பெற்றோர், கனவான்கள் எனப்பட்டோர். அவர்கள் செய்த குற்றம், அத்தியட்சர்களைக் கண்டித்துச் சிறுநூல்கள் எழுதி அச்சிட்டமையே.

அக்காலத்து இங்கிலாந்தின் திருச்சபைக்குத் தலைவன் அரசன். சபையை நடத்துவோர் அவன் நியமிக்கும் அத்தியட்சர். ஆகவே அத்தியட்சரைக் குறைகூறுவது சமயவாதமாக மட்டும் நில்லாது அரச நிந்தனையும் ஆகிவிடும். முதலாஞ் சாள்ஸ் மன்னன் 1633 இல் வில்லியம் லோட் என்பவரைக் கன்ரபரிப் பேரத்தியட்சராக்கினான். லோட் ஒழுங்கை விரும்பியவர், உழைப்பாளி, கைக்கூலி வாங்காதவர். வழிபாட்டில் அழகும் வணக்கமும் வேண்டுமென்று, கோயில்களின் நடுவே கிடந்த நற்கருணை மேசையைக் கிழக்குச் சுவரோடு சேர்த்து வைத்து, அதைச் சுற்றிக் கம்பிவேலி அமைக்கப் பணித்தார். ஒரு மேசையை நகர்த்துவதிலே என்ன இருக்கிறது என்று நேயர்கள் எண்ணக்கூடும். ஆனால் தூய்மைவாதிகள் எனப்பட்ட கடும்போக்குச் சீர்திருத்தக்காரருக்கு அந்த மேசை பலிபீடமாகவே தோன்றியது. பாட்டன் காலத்தில் துரத்திய உரோமாபுரிச் சமயத்தைப் பேரத்தியட்சர் பின்வாசலால் அழைத்து வருகிறார் என்று அவர்கள் நம்பினர், நம்பியதை எழுதினர்.

எழுதியதை நாடெங்கும் கொண்டு சென்றது துண்டுப்பிரசுரம். ஒரு தாள் கடதாசியை இருபுறமும் அச்சிட்டு இருமுறை மடித்தால் எட்டுப் பக்கம் வரும். அத்தகைய தாள்கள் இரண்டு மூன்றைச் சேர்த்து, அட்டையுமின்றி நூலாற் கோத்துவிட்டால் சிறுநூல் ஆயத்தம். இரவோடிரவாக அடித்து முடித்து மறுநாட் காலையில் வீதியில் விற்கலாம். விலை ஒரு பென்ஸ் அல்லது சில பென்ஸ். வாசிக்கத் தெரிந்த ஒருவர் மதுச்சாலையிலே உரத்து வாசிக்க, தெரியாத பலர் சூழ்ந்திருந்து கேட்பர். இலண்டனில் அச்சிட முடியாததை ஒல்லாந்தில் அச்சிட்டுச் சரக்குகளோடு கப்பலில் ஒளித்துக் கொண்டுவந்தனர்.

பிறின் இந்தத் துறையிலே ஓர் அரக்க உழைப்பாளி. வாழ்நாளில் ஏறக்குறைய 200 நூல்களும் பிரசுரங்களும் எழுதியவர். விளக்கொளி கண்ணிற் படாதிருக்கக் கண்வரை தாழும் நீண்ட குல்லாய் அணிந்து, சில மணித்தியாலத்துக்கொருமுறை வேலைக்காரன் கொண்டுவரும் உரொட்டியையும் மதுவையும் உண்டு, இரவு பகலாக எழுதுவாராம். பக்கத்தின் ஓரங்களெல்லாம் மேற்கோட் குறிப்புக்களால் நிறைந்திருக்கும். அவரை வாசிப்பது இன்பமான வேலையன்று. நாடக மேடையைக் கண்டித்து ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூலொன்றை முன்னரே வெளியிட்டு, அதன் அட்டவணையிலே நடிக்கும் பெண்களை இழிசொல்லாற் குறித்திருந்தார். அவ்வேளையில் அரசியே அரண்மனை நாடகமொன்றில் நடித்தமையால் அச்சொல் அவளைச் சுட்டியதென்று கொள்ளப்பட்டது. 1634 இல் முதன்முறை அவருடைய காதுகள் அறுக்கப்பட்டன. ஆயினும் அலுகோசு முழுவதும் அறுக்காது விட்டிருந்தான்.

1637 யூன் 14 ஆந் திகதி மூவரும் நட்சத்திர மண்டபம் என்ற விசேட நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டனர். யூரர் இல்லாத மன்றம் அது. அரசனின் மந்திராலோசனைச் சபையினரும் பிரதம நீதியரசரும் அமர்ந்து தீர்ப்பளிப்பர். நீதியரசர் ஒருவர் பிறினுடைய தலைமயிரை ஒதுக்கிப் பார்க்கச் செய்து, இன்னுங் காதுகள் எஞ்சியிருப்பதைக் கண்டு வியந்தார். பிரதிவாதிகள் எழுதிய மறுமொழியில் நியாயவாதிகள் ஒப்பமிட அஞ்சியபடியால், மறுமொழியே இல்லையெனக் கொண்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டவராகவே அவர்களைக் கருதினர். ஆளுக்கு 5000 பவுண் தண்டம்; காதறுப்பு; ஆயுட்காலச் சிறை. பிறினுக்கு மாத்திரம் மேலதிகமாகக் கன்னங்களிலே சூட்டுக்குறி. ‘அரசவிரோத அவதூறுகாரன்’ என்பதன் சுருக்கமாக எஸ், எல் என்ற இரண்டெழுத்துக்கள் பொறிக்கப்பட்டன. சூடு ஆறுமுன்னரே பிறின், அவ்வெழுத்துக்கள் ‘லோட் இட்ட தழும்புகள்’ எனப் பொருள்படுமாறு இலத்தீனிலே இரண்டடிக் கவி கட்டிவிட்டார். பேரத்தியட்சர் லோட் தாமே சம்பந்தப்பட்ட வழக்காகையால் தீர்ப்பில் வாக்களிக்கவில்லை. ஆனால் மன்றிலே நீண்டதோர் உரை நிகழ்த்தி, அவ்வுரையை அச்சிட்டும் வெளியிட்டார். அச்சை அடக்க முனைந்தவருக்கும் அச்சே வேண்டியிருந்தது.

பதினொரு நாள் கழித்து, யூலை 11 ஆந் திகதி, அச்சுத்தொழில் பற்றி அதே மன்றம் கட்டளை பிறப்பித்தது. இலண்டனில் அச்சுக்கூடத் தலைவர்கள் 20 பேருக்கு மேற்படலாகாது. பேரத்தியட்சரோ இலண்டன் அத்தியட்சரோ நியமித்தவரின் அனுமதியின்றிச் சமயநூல் எதுவும் அச்சேறலாகாது. பழைய நூலை மறுபடி அச்சிடவும் புதிய அனுமதி வேண்டும். மூன்று கைதிகளும் இங்கிலாந்து மக்களின் கண்ணிற் படாத தூரத்துக்கு அனுப்பப்பட்டனர். பாஸ்ட்விக் சில்லித் தீவுகளுக்கும், பேட்டன் கேர்ண்சித் தீவுக்கும் போயினர். பிறின் யேர்சித் தீவிலே மொன்ற் ஓர்கேய் என்ற கடற்கோட்டைக்குள் அடைக்கப்பட்டார். இக்கோட்டையின் பெயர் பின்னரும் வரும்.

அவ்வாண்டு மார்கழியில், பாஸ்ட்விக்கின் நூலை ஒல்லாந்திலிருந்து கடத்தி வந்தான் என்ற குற்றச்சாட்டில் ஓர் இளைஞன் பிடிபட்டான். துணி வணிகர் ஒருவரிடம் தொழில் பயின்ற யோன் லில்பேர்ண் என்பவன் அவன். வயது இருபத்து மூன்றளவில். விசாரணைக்குமுன் சத்தியஞ் செய்யும்படி மன்றங் கேட்டது. என்ன குற்றமென்று சொல்லாமல், என்ன கேட்டாலும் விடையளிப்பேனெனச் சத்தியஞ் செய்ய முடியாதென மறுத்துவிட்டான். 1638 ஏப்ரில் 18 ஆந் திகதி வண்டியின் பின்னே கட்டி, சிறைச்சாலையிலிருந்து வெஸ்ற்மினிஸ்ரர்வரை வழிநெடுகக் கசையாலடித்துச் சென்று தொழுமரத்திற் பூட்டினர். அங்கு நின்றும் அவன் பேசினான். சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்த பிரசுரங்களை எடுத்துக் கூட்டத்துள் வீசினான். வாயிலே துணியடைத்த பின்னர்தான் பேச்சு நின்றது. பாஸ்ட்விக்கின் நூலுக்காக முதுகுத்தோல் உரியப்பட்ட இவனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

காலச்சக்கரம் விரைவிலே திரும்பிற்று. ஸ்கொத்துலாந்தில் எழுந்த கலகத்தை அடக்கப் பணமின்றி, பதினோராண்டு கூட்டாதிருந்த பாராளுமன்றத்தை 1640 இல் மன்னன் கூட்டவேண்டி வந்தது. நவம்பரிற் கூடிய இரண்டாவது பாராளுமன்றம் கைதிகளை விடுவித்தது. லில்பேர்ணுக்காக எழுந்து பேசிய உறுப்பினர் அன்று அதிகம் அறியப்படாத ஒலிவர் குறொம்வெல். நவம்பர் 28 இல் பிறினும் பேட்டனும் இலண்டனுக்குள் வந்தபோது குதிரைவீரரும் வண்டிகளும் கால்நடையாக வந்தோரும் புடைசூழ்ந்தனர். வழியெங்கும் பூவுந் தழையும் தூவப்பட்டன. மறு மாதத்திலே லோட் கைதானார். 1641 யூலையில் நட்சத்திர மண்டபம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதனோடு அச்சுக்கட்டளையும் செத்தது.

அணை உடைந்தது போலப் பிரசுரங்கள் புறப்பட்டன. சென்ற் போல் பேராலய முன்றிலிற் புத்தகக்கடை வைத்திருந்த யோர்ச் தொமசன் என்பவருக்கு அப்பொழுது ஒரு விநோதமான எண்ணந் தோன்றியது. வெளிவரும் ஒவ்வொரு பிரசுரத்திலும் ஒரு பிரதி வாங்கி, கிடைத்த திகதியை முகப்பிலேயே எழுதி வைக்கத் தொடங்கினார். அரசன் பக்கமா, பாராளுமன்றத்தின் பக்கமா என்று அவர் பார்க்கவில்லை. 1642 ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 2000 பிரசுரங்கள் அவர் கைக்கு வந்தன. அவ்வாண்டுதான் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது.

வென்றவர் கையிலே அதிகாரம் வந்ததும் அவர்கள் அதை எவ்வாறு கையாண்டனர் என்பதே இக்கதையின் நெஞ்சைத் தொடும் பகுதி. 1643 மே 31 இல், இலண்டன் கோட்டையிற் சிறையிருந்த லோட்டின் அறையைச் சோதனையிட ஒருவர் அதிகாலையில் வந்தார். முதியவர் படுக்கையில் இருக்கையிலேயே அவருடைய சட்டைப் பைகளைத் துழாவி, நாட்குறிப்பையும், அவர் தம் கைப்பட எழுதி வைத்திருந்த செபங்களையும் எடுத்துச் சென்றார். வந்தவர் பிறின். கன்னத்திலே லோட் இட்ட தழும்பு இன்னும் இருந்தது. அந்நாட்குறிப்பைத் தமக்கு வேண்டியவாறு வெட்டிச் சுருக்கி அச்சிட்டு, பேரத்தியட்சருக்கு எதிரான வழக்குக்குச் சான்று திரட்டித் தந்தவரும் அவரே. 1645 சனவரி 10 இல் லோட்டின் தலை துணிக்கப்பட்டது.

பழிக்குப் பழி என்று இதை விட்டுவிடலாம். அடுத்ததை அவ்வாறு விட இயலாது. 1643 யூன் 14 ஆந் திகதி பாராளுமன்றம் ஒரு கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது: அனுமதியாளரின் ஒப்பமின்றி இனி எந்த நூலும் அச்சேறலாகாது, அனுமதியற்ற அச்சுக்கூடங்களை உடைக்கலாம், எழுதியோரையும் அச்சிட்டோரையும் கைதுசெய்யலாம். பிறினும் பாஸ்ட்விக்கும் பேட்டனும் தீர்ப்புப் பெற்ற அதே திகதி. ஆறாண்டுகள் சரியாகக் கழிந்திருந்தன. திகதி தற்செயலானது. ஆனால் கட்டளையின் வாசகத்தைப் படிப்போருக்கு நட்சத்திர மண்டபத்தின் குரல் மறுபடி கேட்கும். அத்தியட்சர் இருந்த இடத்திற் பாராளுமன்றம் நியமித்தவர் அமர்ந்தனர். அவ்வளவே மாற்றம்.

இதற்குள் வென்றவர்களிடையே பிளவும் தோன்றிவிட்டது. அத்தியட்சர்களை நீக்கியபின் திருச்சபையை ஆள்வது யார்? நாடு முழுவதும் ஒரே சபை, மூப்பர் சங்கங்களின் ஆட்சி என்றனர் பிரெஸ்பிற்றேரியர். ஒவ்வோரூர்ச் சபையும் தன்னைத் தானே ஆளட்டும் என்றனர் சுயாதீனர். தொழுமரத்தில் ஒரே நாளில் நின்ற மூவரும் இங்கே பிரிந்தனர். பிறினும் பாஸ்ட்விக்கும் ஒரே சபை வேண்டுமென எழுதினர். பேட்டன் சுயாதீனர் பக்கஞ் சேர்ந்தார். பிறினுக்கும் பாஸ்ட்விக்குக்கும் பேட்டன் மறுப்பெழுத, அவர் எழுதியதற்கு மறுப்பு எழ, ஒரே அலுகோசின் கத்தியால் காதிழந்த நண்பர்கள் ஒருவரையொருவர் பிரசுரத்தால் அடித்துக்கொண்டனர்.

மகாகவி மில்டனும் இக்காலத்திலேதான் இந்தச் சுழலுக்குள் அகப்பட்டார். மனமொவ்வாத தம்பதியர் பிரிய வழிவேண்டும் என்று அவர் எழுதிய சிறுநூலை நெருப்பிலிட வேண்டுமென்று பாராளுமன்றத்தின் முன்னிலையிலேயே ஒரு குருவானவர் பிரசங்கித்தார். பிறினும் அச்சிலே கண்டித்தார். 1644 நவம்பரில், அனுமதி பெறாமலே, முன்னனுமதி முறையைக் கண்டித்து மில்டன் வெளியிட்ட ‘அறியோப்பாஜிற்றிக்கா’ ஆங்கில உரைநடைக்கே ஓர் அணி. தொமசனுக்கு ஆசிரியரே அளித்த பிரதி இன்றும் இருக்கின்றது. ஆயினும் அந்நூலிலும் மில்டன் கத்தோலிக்க மதத்துக்குச் சுதந்திரம் அளிக்க உடன்படவில்லை. 1651 இல் குடியரசு அரசாங்கத்தின் செய்திப் பத்திரிகைக்கு அனுமதி வழங்கும் பொறுப்பையும் அவர் ஏற்றார். பிரெஸ்பிற்றேரியரைச் சாடி அவர் எழுதிய கவியொன்றின் கைப்பிரதியிலே பிறினுடைய அறுந்த காதுகளைப் பற்றிய கேலி ஒன்று இருந்தது; பின்பு அதை மாற்றிவிட்டார். மாற்றியது நன்று.

லில்பேர்ணிடம் திரும்புவோம். இப்பொழுது அவர் பாராளுமன்றப் படையிலே லெப்டினன்ற் கேணல். 1645 சனவரி 7 ஆந் திகதி, லோட்டின் தலை விழுவதற்கு மூன்று நாள் முன்னே, பிறினுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதன் சாரம் எளியது. அச்சு உம்முடைய கையில் இருக்கின்றது. எங்களுக்கு அது மூடப்பட்டிருக்கின்றது. எதிராளியைக் கீழே தள்ளி, கைகளைக் கட்டிவிட்டு, அதன்பின் அடிப்பது ஆண்மையாகுமா? இருவருஞ் சமமாக வாதிட வழிவிடும். உண்மை எதுவென்று கேட்போர் தெளியட்டும். பிறின் வாதிட வரவில்லை. கடிதத்தைப் பாராளுமன்ற விசாரணைக் குழுவின்முன் கொண்டு போனார். அவ்வாண்டு யூலையிலே, சபாநாயகரைப் பற்றி அவதூறு பேசினார் என்று லில்பேர்ண்மீது முறைப்பாடு செய்யப்பட்டது. முறைப்பட்டவர் இருவரில் ஒருவர் பாஸ்ட்விக். ஏழாண்டுகளுக்குமுன் யாருடைய நூலுக்காகக் கசையடி பட்டாரோ, அவருடைய வாய்ச்சொல்லால் லில்பேர்ண் நியூகேற் மறியற்சாலைக்குட் போனார். ஒக்ரோபர்வரை அங்கேயே இருந்தார்.

பிறினை வேடதாரி என்று சொல்லிவிடுவது எளிது. அது நியாயமுமன்று. 1637 இல் அவர் எழுதியவற்றிலே, எவரும் எதையும் எழுதலாமென்று அவர் ஓரிடத்திலும் வாதாடவில்லை. தாம் சொல்வது மெய், லோட் சொல்வது பொய், மெய்யை ஒடுக்குவது பாவம் என்பதே அவருடைய வாதம். மெய்யின் கையில் அதிகாரம் வந்தபின் பொய்யை ஒடுக்குவதிலே அவருக்கு முரண்பாடு தெரியவில்லை. லோட்டும் அவ்வாறே நினைத்தவர். இருவரும் ஒரே நம்பிக்கையின் இரு கரைகளில் நின்றனர். தாம் மெய்யென்று கொண்டதை மறுப்பவனுக்கும் பேச இடம் வேண்டும் என்று சொன்னவர் அன்று மிகச் சிலர். லில்பேர்ணுடன் வணிகரான வில்லியம் வோல்வினும், பொய்ப்பெயர்களில் ஒளிந்து அச்சிட்டு எழுதிய றிச்சட் ஓவற்றனும் அவர்களுட் சேர்வர். எல்லாச் சமயத்தாருக்கும் இடமளிப்பதில் இவர்கள் மில்டனையும் தாண்டிச் சென்றனர். நாட்டிலே இவர்களுக்கு நண்பர் குறைவு.

பிறினுடைய கணக்கு இன்னும் முடியவில்லை. 1648 இல் அவர் பாராளுமன்ற உறுப்பினரானார். மன்னனோடு சமாதானஞ் செய்யவேண்டுமென்று டிசம்பரில் நெடுநேரம் பேசினார். இரண்டு நாளில் படையினர் வாயிலை மறித்து, அவரையும் கூட்டாளிகளையும் பிடித்துச் சென்றனர். மன்னன் கொல்லப்பட்டான், குடியரசு வந்தது. அவ்வரசைக் கண்டித்து எழுதியதால் 1650 முதல் 1653 வரை, விசாரணையேயின்றி, ஒரு கோட்டையிலிருந்து மற்றொரு கோட்டையாகப் பிறின் அடைக்கப்பட்டார். மன்னன் தன் மன்றிலே விசாரணை என்ற பெயரையாவது வைத்திருந்தான். லில்பேர்ணோ 1649 இலும் 1653 இலும் உயிர்த்தண்டனைக்குரிய வழக்குகளில் நிறுத்தப்பட்டார். சட்டத்தையுந் தீர்ப்பவர் யூரர்களே என்று அவர்களை நோக்கி வாதாடி, இருமுறையும் விடுதலை பெற்றார். இரண்டாம் முறை யூரர் விடுவித்தும் அரசு விடுவிக்கவில்லை. முன்னொரு நாள் அவருக்காகப் பரிந்து பேசிய குறொம்வெல்லே அப்பொழுது நாட்டின் காவலன். 1654 இல் லில்பேர்ணைக் கப்பலேற்றி யேர்சித் தீவுக்கு அனுப்பினர். அங்கே அடைத்த கோட்டை மொன்ற் ஓர்கேய். லோட் பிறினை அடைத்து வைத்த அதே கோட்டை. உடல்நலங் குன்றிய லில்பேர்ண் 1657 இல் இறந்தார்.

1660 இல் முடியாட்சி மீண்டது. பிறினுக்கு அரச பத்திரங்களைக் காக்கும் பதவி கிடைத்தது. முதுமையிலே இலண்டன் கோட்டையின் தூசிபடிந்த ஏடுகளுக்குள் அவர் நிம்மதியாக உழைத்தார். அதற்குமுன் இன்னுமொரு பிரசுரம் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1661 இல் அதற்காகப் பாராளுமன்றத்திற் கண்டிக்கப்பட்டு வருத்தந் தெரிவித்தார். 1662 இல் முன்னனுமதிச் சட்டம் புதிதாக இயற்றப்பட்டது. அரசனுக்கு எதிராக எழும் உரிமை மக்களுக்குண்டு என்று சொன்ன நூலொன்றை இரவில் அச்சிட்டுக்கொண்டிருந்த யோன் ருவின் என்ற அச்சுக்காரனைப் பிடித்து, 1664 இல் தூக்கிலிட்டு உடலைத் துண்டாக்கினர். நூலை எழுதியவன் பெயரை அவன் வெளியிடவில்லை. பிறின் 1669 இற் காலமானார்.

முன்னனுமதிச் சட்டம் 1695 இலே காலாவதியாகி, மறுபடி புதுப்பிக்கப்படவில்லை. பாராளுமன்றம் கூறிய நியாயங்களிலே எழுத்துச் சுதந்திரம் பற்றிய பேச்சு அரிது. புத்தக வணிகர் சங்கத்தின் தனியுரிமை, இறக்குமதி நூல்கள் சுங்கத்திலே கிடந்து தாமதிப்பது, சட்டத்தின் சொற்கள் தெளிவற்றிருப்பது என இவை போன்ற கடைவீதிக் காரணங்களே அதிகம். மில்டனின் பொன்மொழிகளால் ஆகாதது வியாபாரிகளின் முறைப்பாட்டினால் ஆயிற்று. அவதூறுச் சட்டமும் தொழுமரமும் அதன்பின்னும் இருந்தன. ஆனால் நூலை அச்சிடுமுன் அனுமதி கேட்கும் வழக்கம் இங்கிலாந்தில் ஒழிந்தது.

தொமசன் 1661 வரை வாங்கிக்கொண்டே இருந்தார். போர்க்காலத்தில் எந்தப் படை எப்பொழுது வருமோ என்றஞ்சித் தம் பொக்கிஷத்தை ஊருக்கூர் மாற்றி ஒளித்தார். 1647 இல் மன்னன் சாள்ஸ் ஒரு பிரசுரத்தை அவரிடம் இரவல் வாங்கி வாசித்தான்; அது வழியிலே சேற்றில் விழுந்து கறைபட்டுத் திரும்பியது. அக்கறை இன்றும் அதிலுண்டு. 22,000 வரையான அப்பிரசுரங்களை ஒரு நூறாண்டு கழித்து மூன்றாம் யோர்ச் மன்னன் 300 பவுணுக்கு வாங்கிப் பிரித்தானிய நூதனசாலைக்கு அளித்தான். இப்பொழுது அவை பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. தொமசன் அவற்றைக் கட்சிவாரியாகப் பிரிக்கவில்லை. அளவையுந் திகதியையும் பார்த்தே அடுக்கிக் கட்டுவித்தார். ஆகையால் லோட்டின் நண்பரும் பகைவரும், பிறினும் பேட்டனும், பாஸ்ட்விக்கும் லில்பேர்ணும், ஒரே தோலட்டைக்குள் அடுத்தடுத்துத் தைக்கப்பட்டிருக்கின்றனர்.